கோலாலம்பூர்ல கல்யாண நாள் விருந்து

கல்யாண நாளுக்கு கோலாலம்பூர் வர்றீங்களா? இரட்டைக் கோபுரம் தெரியணும்னா வெறும் "ஜன்னல் ஓர மேசை"ன்னு புக் பண்ணாதீங்க. ஜன்னல் எந்தப் பக்கம் வேணா இருக்கும். "கோபுரம் தெரியுற மேசை"ன்னே எழுதிக் கேளுங்க. ரொம்பக் கிட்டவும் வேண்டாம். 452 மீட்டர் உயரம், அடியில உட்கார்ந்தா உச்சி தெரியாது.

இங்க வருஷம் முழுக்க ஏழு, ஏழரைவாக்குல பொழுது சாயும். ஆறே முக்காலுக்கு உட்கார்ந்துட்டா சிவந்த வானம், அப்புறம் கோபுரம் வெள்ளி மாதிரி ஒளிர ஆரம்பிக்கிறது, ரெண்டும் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தை விட்டுடாதீங்க! மொட்டை மாடின்னா, மழை வந்தா உள்ளே இடம் தருவாங்களான்னு முதல்லயே கேட்டுக்குங்க. சாயங்கால இடிமழை இங்க சகஜம்.

மெனுவுல விலை பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருந்தா 10% சேவைக் கட்டணம், 6% வரி தனி. 400 ரிங்கிட் சாப்பாடு 464 ஆயிடும்.

சைவக்காரங்க "மீன் சாஸ், பெலாச்சான் (இறால் விழுது) கூடாது"ன்னு பேர் சொல்லியே சொல்லுங்க.