எழுத்து மாறும் விசை

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டிப் பழகாத அப்பாவுக்காக, ஒவ்வொரு விசையிலும் தானே ஒளிரும் குட்டி ஓலெட் (OLED) திரை வைத்து, ஷிப்டை அழுத்தினால் அதில் தெரியும் எழுத்தே மாறுகிற மாதிரி ஒரு விசைப்பலகை செய்துகொண்டிருக்கிறேன். 2008-இல் வந்த ஆப்டிமஸ் மேக்சிமஸ் விசைப்பலகையில் 113 விசைக்கும் திரை உண்டு. நான் நாலு விசையோடு நிறுத்திவிட்டேன், பர்ஸ் தாங்காது.

முதலில் வெறும் தொடு விசைதான். மதுரை சித்திரை வெயிலில் விரல் வியர்த்து, ஈரம் பட்டதெல்லாம் தொட்டதாகி, 'க' ஒரு தரம் அடித்தால் பல தரம் விழுந்தது. சரி என்று டோப்ரே (Topre) என்ற ஜப்பானிய நிறுவனத்தின் விசைப் பாணிக்கு மாறினேன்: ரப்பர் குமிழுக்கு அடியில் கூம்புச் சுருள்வில், அது அமுங்க அமுங்கக் கீழே உள்ள தகட்டில் மின்தேக்குதிறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) ஏறும். எவ்வளவு ஏறினால் எழுத்து விழ வேண்டும் என்பது நிரலில் வெறும் ஓர் எண். அப்பா ஓங்கிக் குத்துவார், அவருக்கு ஆழமாக, எனக்கு மேலோட்டமாக. திரையின் கேபிள் பக்கத்தில் வந்தால்தான் அளவு ஆடுகிறது, அதைத் தடுக்க நடுவே ஒரு கிரவுண்ட் (மின்தரை) தகடு கொடுத்துப் பார்க்க வேண்டும்.