ஒகேனக்கல்லில் ஷட்டரோடு மல்லுக்கட்டு

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பார்த்துவிட்டுத்தான் ஒகேனக்கல்லுக்குக் கேமராவைத் தூக்குவேன். அங்கே கனஅடி எகிறினால் இங்கே பரிசலுக்குத் தடை. அருவிகளும் பாறைகளும் மூழ்கி, கண்ணுக்கெட்டிய வரை செம்மண் நிற வெள்ளம்தான். வெள்ளம் வடிய ஆரம்பிக்கும் சமயம்தான் படத்துக்குத் தோது. பாறைகள் வெளியே தெரியும், அருவிகள் தனித்தனியாகப் பிரியும்.

இந்த முறை ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பது என்று முடிவு. ட்ரைபாடை ஒரே இடத்தில் நிறுத்தினேன். லென்ஸ் துளையை எஃப்11, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்தபோது கேமராவின் ஒளி மீட்டர் 1/60 நொடி காட்டியது. ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்; லென்ஸ் முன்னால் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டரை (கருப்புக் கண்ணாடி) மாட்டினால் வெளிச்சம் 64-இல் ஒரு பங்காகிவிடும். ஏறக்குறைய ஒரு நொடி திறந்து வைக்க வேண்டும். தண்ணீர் பஞ்சுமிட்டாய் மாதிரி வந்தது. அழகுதான், ஆனால் எந்த ஊர் அருவி என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இரைச்சலும் முரட்டுத்தனமும் படத்தில் துளியும் இல்லை. இணையத்தில் பாதி அருவிப் படங்கள் இப்படித்தான் இருக்கின்றன, எனக்குச் சலித்துவிட்டது.

என்டியைக் கழற்றிவிட்டு, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மட்டும் போட்டு, துளையை எஃப்16-க்குச் சுருக்கினேன். 1/10 நொடி கிடைத்தது. விழுகிற தண்ணீர் இழை இழையாகப் பிரிந்தது. பாறையில் மோதுகிற இடத்தில் துளிகள் சிதறுவதும் தெரிந்தது. எஃப்16-இல் கூர்மை சற்றுக் குறையும், பரவாயில்லை. ஈரப்பாறையின் பளபளப்பை போலரைசர் வெட்டியதும் கல்லின் கருப்பும் வெடிப்புகளும் அப்படியே எழுந்து வந்தன.

ஒரு வேடிக்கை. சாரலில் வானவில் விழுந்திருந்தது. போலரைசரை ஒரு பக்கம் திருப்பினால் வானவில் பளிச்சென்று நிற்கிறது, கால் சுற்று திருப்பினால் காணவே காணோம்! வானவில்லின் ஒளியே போலரைஸ் ஆனதுதான் (பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது), அதனால்தான் இந்த மாயம். வானவில் வேண்டுமா, பாறையின் கருப்பு வேண்டுமா என்று யோசித்து, வானவில்லை விட்டுவிட்டேன்.

தொங்கு பாலத்தில் ட்ரைபாட் வீண். நாலு பேர் நடந்தாலே ஆடும். அங்கிருந்து கையில் பிடித்தபடி 1/500-இல் பரிசல்களை எடுத்தேன். அந்த வட்டமும் அதில் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆட்களும் ஃப்ரேமுக்குள் வந்த பிறகுதான் பாறைச் சுவர் எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரிகிறது. வெறும் பாறையை எடுத்தால் அது பத்தடியா ஐம்பதடியா என்று பிடிபடாது.

எல்லாமே ரா ஃபைல்தான், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. வெண்நுரை விவரமே இல்லாமல் வெளுத்துவிடாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்தே வைத்திருந்தேன். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

அடுத்து கிருஷ்ணகிரி அணை. மதகைத் திறக்கும்போது தண்ணீர் இன்னும் வேகமாகப் பாயும், 1/10 நொடி அங்கே அதிக நேரம் என்று தோன்றுகிறது. 1/30-இல் தொடங்கிப் பார்க்க வேண்டும்.