நெட் லைஃப் சயின்ஸ்: எபிஜெனெடிக்ஸ் கேள்வியில் கோட்டை விடும் இடம்

நெட் (கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்த கையோடு எழுதுகிறேன். கேன்சர் பகுதியைப் படிக்கும்போது ஆன்கோஜீன் (புற்றைத் தூண்டுவது) இந்தப் பக்கம், டியூமர் சப்ரஸர் (புற்றைத் தடுப்பது) அந்தப் பக்கம் என்று கட்டம் போட்டு, எபிஜெனெடிக் புரதங்களையும் (டிஎன்ஏ எழுத்தை மாற்றாமல் ஜீனை இயக்கவோ அடக்கவோ செய்பவை) அதில் அடைத்தால், பார்ட் சி-யில் நாலு மார்க் போகும். மைனஸ் வேறு.

ஈஇசட்எச்2-வை எடுங்கள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதமான எச்3-இன் 27-ஆம் அமினோ அமிலமான லைசினில் மெதில் என்ற வேதிக் குறியை ஏற்றி ஜீனை அடக்கும் நொதி. ஃபாலிகுலர் லிம்போமாவில் (ஒரு நிணநீர்ப் புற்று) இதன் 641-ஆம் டைரோசின் மாறி, ட்ரைமெதில் (மூன்று மெதில் ஏறிய நிலை) கூடுகிறது. மைலாய்ட் புற்றுகளிலோ (ஒருவகை ரத்தப் புற்றுகள்) இதே ஜீன் செயலிழந்து கிடக்கிறது. எந்தப் புற்று என்று பார்க்காமல் ஆப்ஷனைத் தொடாதீர்கள்.

அந்த 641-இல் இன்னொரு கொக்கி உண்டு. சாதாரண நொதி முதல் மெதிலை லகுவாக ஏற்றும், மூன்றாவதில் திணறும். மாறிய நொதிக்கு முதலாவது வராது. இரண்டை மூன்றாக்குவதில் கெட்டி. சாதாரண நொதியும் மாறிய நொதியும் ஒரே செல்லில் கைகோத்தால்தான் ட்ரைமெதில் குவியும். அதனால்தான் நோயாளிகளில் ஒரு அல்லீல் (ஜீனின் இரு பிரதிகளில் ஒன்று) மட்டும் மாறியிருக்கிறது. ‘ஹெட்டிரோசைகஸ், எனவே பாதி வேலை’ என்ற ஆப்ஷன் சுத்தப் பொறி.

குழந்தைகளின் மூளைத்தண்டு கிளையோமாவில் (மூளைக் கட்டி) எச்3-இன் அந்த 27-ஆம் லைசினே மெதியோனினாகிவிடும். மாறிய ஹிஸ்டோன் மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனாலும் பிஆர்சி2-வை (ஈஇசட்எச்2 இயங்கும் புரதக் கூட்டு) அது முடக்குவதால், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ட்ரைமெதில் பட்டை மங்கும், மொத்த எச்3 பட்டை அப்படியே நிற்கும்.

மற்றவை சுருக்கமாக:

- ஐடிஎச்1 வளர்சிதை நொதி. மாறினால் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் சேர்ந்து டெட்2-வை (டிஎன்ஏ மெதிலை நீக்க உதவும் நொதி) முடக்கும். டிஎன்ஏ மெதில் கூடும்.
- டாட்1எல் மெதில் ஏற்றுவது எச்3-இன் 79-ஆம் லைசினில். இந்த வகை நொதிகளுக்கு வழக்கமாக உள்ள செட் டொமைன் (புரதப் பகுதி) இதற்குக் கிடையாது, இதைத்தான் கேட்பார்கள்.
- எச்டிஏசி (ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் குறியை நீக்கும் நொதி) மூன்றாம் வகுப்பான சர்டுயினுக்கு என்ஏடி தேவை, மற்றவற்றுக்குத் துத்தநாகம். எச்டிஏசி-யைத் தடுக்கும் மருந்தான வொரினோஸ்டாட் சர்டுயினைத் தொடாது.
- பிஆர்டி4 அசிட்டைல் குறியைப் படிக்கும், எழுதாது, அழிக்காது.
- அசாசைட்டிடின் என்ற மருந்து டிஎன்ஏ-வுக்குள் சேர்ந்தால்தான் டிஎன்எம்டி1 (டிஎன்ஏ-வில் மெதில் ஏற்றும் நொதி) சிக்கும். செல் எஸ் கட்டத்துக்கு (டிஎன்ஏ நகலாகும் கட்டம்) போகாவிட்டால் மெதில் குறையாது. டோஸை ஏற்றினால் செல்தான் சாகும்.

மருந்தை வைத்தும் மடக்குவார்கள். ஈஇசட்எச்2-வைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் 2020-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது எபிதீலியாய்டு சார்கோமா என்ற மென்திசுப் புற்றுக்கு. அங்கே ஈஇசட்எச்2 மாறவே தேவையில்லை. ஸ்மார்க்பி1 என்ற புரதம் தொலைந்து, பிஆர்சி2-வைத் தள்ளிவைக்க ஆளில்லாமல் போனதே காரணம்.