பரண் மேல் பால்வெளி

போகிக்கு இரண்டு நாள் முன்னால் பரணை ஒழிக்கலாம் என்று நான் வாயை விட்டேன். அதே நாள் பார்த்து ஒன்பதாவது படிக்கும் மகனும், "பால்வெளி மண்டலம், அதாவது நம்ம சூரியன் இருக்கிற விண்மீன் கூட்டம், எப்படி வளர்ந்தது" என்று ஸ்கூலில் பேச வேண்டும் என சார்ட் பேப்பரை நடுக்கூடத்தில் விரித்துவிட்டான்.

ஏணியில் நான். கீழே பாத்திரம் வாங்கி வைக்க மாமியார்.

"அம்மா, ஆரம்பத்துல வெறும் வாயுதானாம், ஈர்ப்புல திரண்டுச்சாம். அப்புறம் பக்கத்துல இருந்த குட்டி மண்டலத்தையெல்லாம் முழுங்கி முழுங்கியும் பெருசாச்சாம்."

"நம்ம பரண் மாதிரி" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய எவர்சில்வரைவிடத் தானாக வந்து சேர்ந்ததுதான் அதிகம். கல்யாண வீட்டுத் தாம்பாளம், யாரோ ரசம் கொடுத்தனுப்பிய தூக்கு, நாத்தனார் மறந்துவிட்டுப் போன சம்படம். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? விளிம்பில் பேர் வெட்டியிருக்குமே!

விண்மீனுக்கும் அப்படித்தானாம். சின்ன மண்டலத்தில் விண்மீன்கள் நிதானமாகத்தான் பிறக்கும். அதனால் அதில் இரும்புக்கு மெக்னீசியம் எவ்வளவு என்கிற கணக்கே வேறு. வந்து 1,000 கோடி வருஷம் ஆனாலும் அந்தக் கைப்பக்குவம் மாறாது. ஓடுகிற பாதையும் காட்டிக்கொடுக்கும். எல்லாரும் ஒரு பக்கம் சுற்றினால் சிலது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். (எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. பேர் சொல்ல மாட்டேன், சம்பளம் அவர்தான் கொண்டு வருகிறார்.) 2013 டிசம்பரில் ஐரோப்பியர்கள் அனுப்பிய கையா விண்கலம் 180 கோடி விண்மீன்களுக்கு மேல் அளந்தது. அதன் கணக்கு வெளிவரத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பேரில் பலதும் தெளிவாகப் படிக்கக் கிடைத்தது.

அதற்குள் மாமியார் ஒரு அடுக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு பேர். ஒன்று என் அம்மா வெட்டியது. அதற்கு மேலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில், மாமியார் பேர்.

"இது எங்கம்மா வீட்டுச் சீர், அத்தை."

"வந்த இடத்துல பேர் வெட்டுறதுதானம்மா வழக்கம்."

மகன் துள்ளினான். "பாட்டி, இதே கதைதான்! நம்ம மண்டலம் முழுங்கினதுல ரொம்பப் பெரிய ஒண்ணை 2018ல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ஒரு குழு என்செலாடஸ்னு பேர் வெச்சுது, கிரேக்கக் கதையில எரிமலைக்கு அடியில புதைஞ்ச அரக்கன். இன்னொரு குழு வரைபடத்துல நீளமா தெரிஞ்சதால சாசேஜ்னு வெச்சுது. இப்ப ரெண்டையும் சேர்த்தே சொல்றாங்க."

"சாசேஜ்னா?"

"பன்னிக்கறியை நீளமா அடைச்சு வெச்சது, பாட்டி."

மாமியார் அடுக்கைத் தள்ளி வைத்தார்.

மண்டலங்கள் மோதினாலும் விண்மீனும் விண்மீனும் முட்டிக்கொள்வது அநேகமாகக் கிடையாதாம், நடுவே அவ்வளவு இடைவெளி. எங்கள் பரணில் அந்த வசதி இல்லை. ஒரு குண்டானை உருவினேன், ஏழு டவரா என் தலையில் இறங்கியது.

முழுங்குவது முடிந்துபோன கதையும் இல்லை. தனுசு ராசிப் பக்கம் ஒரு குட்டி மண்டலம், 1994ல்தான் கண்ணில் பட்டது. நம்மைச் சுற்றி வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விண்மீன்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. உதிர்ந்தது நம் மண்டலத்தையே வளைத்து ஒரு ஓடையாகக் கிடக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி வந்து போகிற என் கொழுந்தன்தான் ஞாபகத்துக்கு வந்தார். இரண்டு சார்ஜர், ஒரு குடை, ஒற்றைச் செருப்பு.

காலிங் பெல் அடித்தது. எதிர் வீட்டு அம்மா, கையில் பாயசம். "பேத்திக்குப் பிறந்த நாள்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மாமியார் மூடியைத் திறக்கவில்லை, விளிம்பைத்தான் பார்த்தார். அவர் பேர்!

"எட்டு வருஷமா தேடுறேன் இந்தப் போசியை!"

"பாட்டி, நாமளும் ஒரு குட்டி மண்டலம்தான்" என்றான் இவன்.

இப்போதுதான் சிக்கல். வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது. ஆனால் தன் போசியைத் தானே நிரப்பி அனுப்ப மாமியாருக்கு எப்படி மனசு வரும்? சாயங்காலம் வரை யோசித்தார். பிறகு சுண்டல் செய்தார். பரணிலிருந்து இறங்கியதில் 'ர.கோ.' என்று வெட்டிய ஒரு பாத்திரம் இருந்தது. யார் அந்த ர.கோ. என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சுண்டல் அதில்தான் போனது.