28ஆம் தேதி கிறிஸ்துமஸ்

டிசம்பர் 27 மத்தியானம் நானும் என் அக்காவும் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தோம். வாசம் மதில் தாண்டிப் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "டிரைவர் அண்ணே, கிறிஸ்மஸ் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, இப்பம் யாருக்குப் பலகாரம்?" என்றார். "எங்களுக்கு நாளைக்குத்தான் கிறிஸ்மஸ்" என்றேன். ஆறு வருடமாக இப்படிச் சொல்லிப் பழகிவிட்டதால் எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

என் மகள் விமானி. ஏர்பஸ் 320இல் ஃபர்ஸ்ட் ஆபிசர், அதாவது துணை விமானி. பேஸ் பெங்களூர். மருமகன் அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. மூன்று வயதில் ஒரு பேத்தி. நான் 1988இல் அரசு பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் வீடு. என் மனைவி மஸ்கட்டில் பதினேழு வருடம் நர்ஸ் வேலை பார்த்தாள். மகளை விமானியாக்கியது அவளுடைய சம்பளமும், பேங்க் லோனும், குலசேகரம் பக்கம் இருந்த நாற்பது சென்ட் ரப்பரும்தான். டிரைவர் மகள் டிரைவர் ஆகிவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். கேலியா பெருமையா என்று கேட்டுக்கொள்வதில்லை.

ஒன்று மட்டும் உண்மை. எங்கள் வீட்டில் விசேஷ நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்தது அபூர்வம். மனைவி வருடத்தில் முப்பது நாள் லீவில் வருவாள். அது ஜூலையில் விழுந்தால் ஜூலையில் கேக் வெட்டுவோம். நான் டிசம்பர் 24 ராத்திரி கோதையாறு மலையூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்திருப்பேன். ஸ்டே பஸ் என்போம். விடியற்காலை முதல் நடை எடுத்துக் கீழே வரும்போது வழியில் கோயில் விட்டு ஆள்கள் புதுச் சட்டையில் நிற்பார்கள். இப்படி வெளியூரில் ராத்தங்குவதை மகள் லேயோவர் என்கிறாள். அவளுக்கு ஓட்டல் அறை கொடுக்கிறார்கள், எங்களுக்குக் கொசு கொடுத்தார்கள்.

அவள் வேலையைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. ஸ்டாண்ட்பை என்றால் எங்கள் ஸ்பேர் டியூட்டி. யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு போன் வருமா என்று காத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குள் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். வீட்டில் இருப்பாள், ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூரமாய் எங்கும் போக முடியாது. அவள் கம்பெனியில் அடுத்த மாத ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, 25ஆம் தேதி வாக்கில் வரும். வந்ததும் அதை எனக்கும் அவள் அம்மாவுக்கும் அனுப்புவாள். பறக்கும் நாள் நீலம், வீட்டில் இருக்கும் நாள் பச்சை என்று பேத்திக்காக வர்ணம் அடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு இன்னும் கிழமை தெரியாது, பச்சை தெரியும்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் என் மனைவியின் ரோஸ்டரும் போடப்படுகிறது. நீலம் அதிகமுள்ள மாதம் பெங்களூரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவள் போய்விடுவாள். மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டாளே, இனி சேர்ந்து இருப்போம் என்று நினைத்தேன். சரி, மறுபடியும் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறேன். முன்பாவது மாதம் தவறாமல் பணம் வரும்.

எங்கள் மாவட்டத்தில் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, ஓணத்துக்கு உண்டு, மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு உண்டு. விமானக் கம்பெனிக்கு இவை எதுவும் கிடையாது. மற்றவர்களுக்கு லீவு என்றால் விமானிக்கு வேலை கூடும், பஸ்ஸிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் கூட்டத்தோடு வடக்கே பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுதோறும் டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரை என்று அதற்குத் தேதியே குறித்திருக்கிறார்கள். மங்கலான பார்வையில் இறங்கத் தனிப் பயிற்சி பெற்றவர்களைத்தான் அந்த வழியில் போட முடியும். என் மகளும் அந்தப் பயிற்சி முடித்தவள். கெட்டிக்காரிக்குக் கிடைத்த பரிசு, டிசம்பர் 24 ராத்திரி டெல்லி.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. பத்மநாபசாமி ஆராட்டு ஊர்வலம் வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ரன்வே வழியாகவே சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று ஐந்து மணி நேரம் போல ரன்வேயை மூடி, விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்புவார்கள். சாமிக்காக விமானம் நிற்கிறது, பிள்ளைக்காக நிற்காதா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

லீவைவிட நோய்தான் பெரிய விவகாரம்.

மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் சளி என்று டியூட்டிக்குப் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சளிக்கா லீவு? 104 டிகிரியில் நான் களியக்காவிளைக்கு நாலு நடை ஓட்டியிருக்கிறேன் என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். மேலே போனதும் கேபினுக்குள் இருக்கும் காற்று, ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலையில் இருப்பதுபோல லேசாகிவிடும். இறங்கும்போது அழுத்தம் திரும்ப ஏறும். மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழல் சளியில் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சமனாகாது, செவிப்பறை உள்ளே இழுக்கும், கிழியவும் செய்யும். "ஏறும்போது ஒண்ணும் தெரியாதுப்பா. லேண்டிங்குக்கு வரும்போதுதான் வலி உயிர் போகும், அந்த நேரத்தில்தான் ரேடியோவில் சொல்றது காதில் விழணும்." உடம்பு சரியில்லை என்று தெரிந்தே பறந்தால் குற்றமாம். எங்களுக்கு மாறிச் சொல்லித் தந்திருந்தார்கள்.

மருந்து சாப்பிடுவதிலும் தொல்லை. ஒரு தடவை இருமலோடு வந்தாள். என் அம்மா (அப்போது இருந்தார்) அலமாரியிலிருந்து ஆயுர்வேத அரிஷ்டப் பாட்டிலை எடுத்தார். எங்கள் பக்கம் வைத்தியசாலை இல்லாத ஜங்ஷன் கிடையாது, அரிஷ்டம் இல்லாத வீடும் கிடையாது. மகள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல ஆல்கஹால் இருக்கு" என்று வைத்துவிட்டாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அரிஷ்டம் நொதிக்க வைத்துச் செய்வது, அதில் சாராயச் சத்து தானாகவே வரும். ஹோமியோபதிச் சொட்டும் அப்படியே. விமானிகளைப் பறப்பதற்கு முன் ஊதச் சொல்வார்கள். மெஷின் பூஜ்யம் காட்ட வேண்டும். கொஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் தடவை மாட்டினாலே மூன்று மாதம் லைசென்ஸ் போய்விடும். பறப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே குடிக்கக் கூடாது என்பது விதி, இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்துவரை அதில் கட்டுப்பாடு உண்டு. கடைசியில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிதான் பாஸ் ஆயிற்று. அதைக் கொடுத்த பிறகே அம்மா சமாதானமானார்.

2023 டிசம்பர் 24 அன்று அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல். உடம்பு சரியில்லை என்று தெரிவித்தாள். கம்பெனியிலிருந்து போன்மேல் போன். எந்த டாக்டர், என்ன மருந்து, எப்போது ஆரம்பித்தது. மற்ற நாளில் இத்தனை கேள்வி வராதாம். பண்டிகையன்று வரும் காய்ச்சலை யாரும் நம்புவதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை, பொங்கல் வாரம் எங்கள் டிப்போவில் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வாடிவாசலில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருடம் அவள் பெங்களூரில் போர்வைக்குள் கிடந்தாள். கூட்டி வந்துவிடட்டுமா என்று மருமகன் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். கேரல் குழு வந்து பாடும்போது யாராவது படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் முடிந்தது என்று பயம். காய்ச்சல்காரி அம்மா கையால் கஞ்சி குடிப்பதற்கும் பயப்பட வேண்டியிருந்தது.

2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமான விபத்து நடந்தது. நாலு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, அந்த நிறுவனத்தில் 112 விமானிகள் உடம்பு சரியில்லை என்று தெரிவித்ததாக அப்புறம் மக்களவையில் அரசு சொன்னது. டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "எல்லாம் பயந்துட்டானுவ" என்று ஒருவர் சிரித்தார். மனசு சரியில்லாதவன் வீட்டில் இருந்தானே, அது உமக்கு நல்லதுதானே ஓய் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரம் நானும் தூங்கவில்லை. மகள் வேறு கம்பெனி, வேறு வகை விமானம். இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் அவள் விமானம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வருடம் டிசம்பரில் நடந்த கூத்தும் நினைவிருக்கும். விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, ராத்திரி டியூட்டியில் ஆறு லேண்டிங்வரை என்றிருந்ததை இரண்டாகக் குறைத்து விதி வந்தது. 2024 ஜனவரியில் அறிவித்தது, தள்ளித் தள்ளி, கோர்ட்டுக்குப் போய், 2025இல் ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக வந்தது. அதற்குத் தக்கபடி ஆள் திட்டமிடாததால், நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் விமானங்களுக்குமேல் ரத்து செய்தது. எல்லாரும் ரத்தைப் பற்றிப் பேசினார்கள். என் கண்ணில் பட்டது வேறு. லீவை வார ஓய்வில் கழிக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. அதே 5ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றார்கள். அதாவது, மூன்று நாள் லீவு எழுதினால் உன் வார ஓய்வும் அதற்குள்ளேயே முடிந்தது என்று கணக்கு வைக்கலாம் என்றாயிற்று. பஸ்ஸில் நாங்கள் இதற்காக எத்தனை முறை டியூட்டி போடுகிறவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறோம்! வானத்தில் பறந்தாலும் கணக்கு எழுதுகிறவன் அதே ஆள்தான் போலிருக்கிறது.

28ஆம் தேதிக்கு வருகிறேன். மகளுக்கு இரண்டு நாள் ஆஃப், அதோடு ஒரு நாள் லீவு ஒட்டிக் கிடைத்தது. ஸ்டாஃப் டிக்கெட் என்று ஒன்று உண்டு, சீட் காலியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கே காலி? ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு நாள் ரயிலிலேயே போய்விடும். அதனால் விமானம் ஓட்டுகிறவள் புருஷன், பிள்ளை, அம்மாவோடு ஆம்னி பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து, ஞாயிறு காலை மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினாள். முதலில் சொன்னது, "அப்பா, அந்த டிரைவர் வளைவில் பிரேக்கை ரொம்ப லேட்டா மிதிக்கிறார்."

ஞாயிறு ஆனதால் கோயிலும் ஆயிற்று. மத்தியானம் பிரியாணி, ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். அக்கா செய்த கேக்கில் ரம்மில் ஊறிய பழம் என்பதால் மகள் தொடவில்லை. செவ்வாய் வரை பறக்கப் போவதில்லையே என்றேன். பழக்கம் விடவேண்டாம் என்றாள். பேத்தி அவள் பங்கையும் கேட்டு அழுது, முந்திரிக்கொத்தில் சமாதானமானாள்.

சாப்பிட்டு முடிந்து பழைய கதை வந்தது. ஊரெல்லாம் சிக்குன்குனியா பரவிய வருடம், மகள் அப்போது ஆறாம் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், முட்டி மடங்காமல், கியர் பிடிக்கக் கை மூடாமல், பேச்சிப்பாறைக்கு வண்டி எடுத்துப் போனேன். ஸ்பேர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வளைவில் கிளட்சை மிதிக்கக் கால் வராமல் வண்டி ஓரம் போய் ரப்பர் மரக் கிளையில் உரசி நின்றது. கண்டக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு இந்தக் கதையை நான் நூறு முறை சொல்லியிருக்கிறேன், எல்லாரும் "அண்ணனுக்கு நெஞ்சுரம்" என்பார்கள். மகளும் சின்ன வயதில் கைதட்டியவள். இம்முறை தட்டவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் மீதியைச் சொல்லவில்லை.

செவ்வாய் அதிகாலை விமானம் கிடைத்தது. மூன்றரைக்குக் கிளம்பினால்தான் களியக்காவிளை, பாறசாலை தாண்டி நேரத்துக்குத் திருவனந்தபுரம் சேரலாம். முந்தின நாளே எனக்குத் தொண்டை கட்டி, ராத்திரி குளிர் எடுத்தது. ஒன்றுமில்லை, போர்த்திக்கொண்டு ஓட்டிவிடுவேன் என்று சாவியைத் தேடினால், மேசைமேல் இல்லை. பத்து மணிக்கே மகள், என் அக்கா மகனுக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். அவன் வந்து ஹாலில் படுத்திருந்தான்.

"ஸ்பேர் இருக்கு அப்பா. நீங்க படுங்க."

படுக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு, மப்ளரைக் கட்டிக்கொண்டு நின்றேன். பேத்தி தூக்கத்திலேயே கையை ஆட்டினாள். மனைவியும் அவர்களோடு போகிறாள், ஜனவரி முழுக்க நீலம். வண்டி சானல் கரையில் திரும்பும்போது அவன் இண்டிகேட்டர் போடவில்லை, வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுக்களையில் சுக்குக் காப்பி மூடி வைத்திருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.