இடுப்பில எடுத்து முழங்கையில வச்ச எலும்பு

திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குப் போட்டு கோட்டைக்குள்ளால ஸ்கூட்டியில வரேக்க மான் ஒண்டு குறுக்க பாய்ஞ்சுது, பிரேக் பிடிச்சன், வலக்கையை ஊண்டி விழுந்திட்டன், முழங்கை விலகிட்டுது. முதல் காட்டின இடத்தில இழுத்துப் பொருத்தி பத்து, அதான் பிளாஸ்டர் கட்டு, போட்டு மூண்டு கிழமையால வரச் சொன்னாங்க. பத்துக் கழட்டின அண்டைக்கே கையை நீட்ட உள்ளுக்க டக்கெண்டு நழுவிச்சு. அப்பவே சிடி ஸ்கேன் எடுத்திருக்கோணும், நினைச்சா இப்பவும் மனசு ஆறுதில்ல. நான் தைக்கிறனான், அந்தக் கை இல்லாட்டி வீட்டில வருமானம் இல்ல.

மாமி முறிவு நெரிவு வைத்தியரிட்டப் போவம் எண்டு ஒரே பிடியா நிண்டா. ஸ்கேன் படத்தப் பார்த்த பிறகு நான் மாட்டன் எண்டிட்டன், ஏனெண்டா முறிஞ்சு கிடந்தாத்தானே சேர்த்துக் கட்டலாம், அதில ஒரு துண்டு நொறுங்கி இடமே காலியாக் கிடந்துது.

எலும்பு டொக்டர் பொறுமையா விளங்கப்படுத்தினார். முன்னங்கையில சின்னவிரல் பக்கத்து எலும்பில, முழங்கை மூட்டுக்க, கொக்கி மாதிரி ஒரு முனை இருக்காம், கொரொனொயிட் எண்டு பேர், கை பின்னுக்கு விலகாமப் பிடிச்சிருக்கிறது அதுதானாம். அது பொடியாப் போனதால இடுப்பெலும்பிட மேல் விளிம்பில ஒரு துண்டு வெட்டி, அந்த வடிவத்துக்குச் செதுக்கி ஸ்க்ரூவால இறுக்கி, கிழிஞ்ச லிகமென்டையும், அதான் எலும்புகளைப் பிணைக்கிற நாரையும், தைக்கோணும் எண்டார். உள்ள எலும்பையும் வெட்டுறதா எண்டு அழுதிட்டன். சொந்த எலும்பெண்டா உடம்பு ஒதுக்காது, வச்ச துண்டை மெல்ல மெல்லக் கரைச்சு அதே இடத்தில புது எலும்பு கட்டிக்கொள்ளும், மாசக்கணக்கு ஆகும் எண்டு சொன்னார்.

ஒப்பரேஷன் முடிஞ்சு எனக்குக் கையை விட இடுப்புதான் கூட நொந்துது. இருமினா நோ, சிரிச்சா நோ, கட்டில்ல புரளேலாது. வலது இடுப்பில எடுத்ததால பொல்லை இடக்கையில பிடிச்சு நடந்தன், மற்றப் பக்கம் எடுத்திருந்தா உடைஞ்ச கையால எப்பிடிப் பொல்லுப் பிடிக்கிறது? ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்தா எந்தப் பக்கம் எடுக்கிறீங்க எண்டு கட்டாயம் கேளுங்க. தொடையிட வெளிப்பக்கமும் விறைச்சுக் கிடந்துது, அதால போற நரம்பு இழுபட்டா அப்பிடி வருமாம், இப்ப அரைவாசி குறைஞ்சிட்டு.

பிறகு பிசியோ. முழங்கை கெதியா இறுகிப்போற மூட்டு, சில நாளிலயே மடக்கப் பழக்கினாங்க. நோகுதெண்டு ஆட்டாம வச்சிருக்கவும் கூடாது, ஆரையும் பிடிச்சு இழுக்க விடவும் கூடாது, மாமி எண்ணெயோட உருவ வந்தவ, டொக்டர் ஒரேயடியா வேண்டாம் எண்டிட்டார், கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி ஊத்தச் சொன்ன ஆக்களுக்கும் காயம் ஆறட்டும் எண்டு சொல்லிட்டன்.

அன்றாட வேலைக்கு 30 பாகையில இருந்து 130 பாகை வரைக்கும் மடங்கினாக் காணுமாம். நான் கனநாள் 90லயே நிண்டன். 90ல சோத்துக் கை வாய்க்கு வராது, இடக்கையில கரண்டியால சாப்பிட்டன், தலை அம்மாதான் பின்னிவிட்டா, அவவுக்குத் தெரியாமக் குளியலறையில நிண்டு அழுத நாளும் இருக்கு.

ஆறாம் மாச எக்ஸ்ரேயில வச்ச துண்டுக்கும் பழைய எலும்புக்கும் நடுவில இருந்த கோடு மறைஞ்சிட்டு. இப்ப முழுசா நீட்ட வராது, பாரம் தூக்கவும் விடேல்ல, ஆனா 125 வருது, பொட்டு நானே வைக்கிறன். போன கிழமை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ரெண்டு தைச்சுக் குடுத்தன், மூண்டாவது சட்டை இன்னும் கை வைக்காம மெஷினில கிடக்குது.