ஒழுங்கையில் அறுந்த முகவரி

கொழும்பில் ஒரு டெலிவரி வெப்சைட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த காலம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா கோல் எடுத்தார். முகவரியை ஆங்கிலத்தில் கொடுத்தால் சரியாக வருகிறது, தமிழில் சேமித்தால் அடுத்த முறை பக்கமே வெறுமையாகக் கிடக்கிறது என்றார். லாக்கை, அதாவது புரோகிராம் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். குறியீட்டைத் திரும்ப எழுத்தாக்கும் டிகோட் வரியில் ‘யுஆர்ஐ மால்ஃபார்ம்ட்’ (இணைப்பின் வடிவம் பிழை) என்ற எரர்.

“தமிழ் ஃபொன்ட் பிரச்சினையா இருக்கும் அண்ணா. ட்ரை-கேட்ச் ஒன்று போட்டு விடுவமா?” என்றார் பக்கத்து மேசைத் தம்பி. ட்ரை-கேட்ச் என்றால் எரரைப் பிடித்து, புரோகிராமை நிற்காமல் தொடர விடும் கோட். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃபொன்ட் திரையில் எழுத்தைக் காட்டுவதற்கு. பக்கத்தின் இணைப்பான யுஆர்எல்லில் முகவரி போவது வெறும் பைட்டுகளாக. அதோடு, சில தமிழ் முகவரிகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தன. அதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

பேப்பரில் எண்ணிப் பார்த்தேன். ‘கொழும்பு’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், குறிகளைத் தனியாக எண்ணினால், 8 குறியீடுகள். அவற்றை பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. யுஆர்எல்லுக்காக என்கோட் செய்தால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும்: 72 இடம். ஆங்கிலத்தில் அதே ஊருக்கு 7 போதும். சிங்கள எழுத்தும் 3 பைட்தான் என்பதால் சிங்கள முகவரிகளும் இதே மாதிரி உடைந்திருந்தன.

டேட்டாபேஸில் என்கோட் ஆன வடிவத்தையே 255 இடமுள்ள கொலத்தில் (பத்தியில்) சேமித்திருந்தார்கள். அந்த டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். நீளம் மீறினால் எரர் கொடுக்கும் அதன் ஸ்ட்ரிக்ட் மோட் அணைக்கப்பட்டிருந்ததால் மிச்சம் வெட்டுப்பட்டது, யாருக்கும் தெரியவில்லை. 255 இடத்தில் 85 பைட் கொள்ளும். அந்த அம்மாவின் ‘பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை’ என்பது ‘பின்னா’வின் துணைக்காலுக்கு நடுவில் அறுந்திருந்தது, அதன் மூன்று பைட்டில் இரண்டுதான் உள்ளே. டிகோடர் தடுமாறியது அங்கேதான்.

இடைவெளிக்கு ஒரே பைட். வெட்டுக்கு முன்னால் ஒரு இடைவெளி மட்டும் இருந்தால் மிச்சம் 84, சரியாக 28 குறியீடு. எரரே வராது, முகவரி பாதியில் முடிந்திருக்கும், அவ்வளவுதான். அந்தத் தம்பி சொன்ன ட்ரை-கேட்ச்சைப் போட்டிருந்தால் வெட்டுப்பட்ட எல்லா முகவரிகளும் இப்படிச் சத்தமில்லாமல் தொலைந்திருக்கும். எரர் வந்ததற்கு நான் உண்மையிலேயே நன்றியோடு இருந்தேன்.

திருத்துவதற்கு ஒரு பின்னேரம் போதும். எழுத்தை எழுத்தாகவே சேமித்து, யுஆர்எல் கட்டும்போது மட்டும் என்கோட் செய்தோம். ஸ்ட்ரிக்ட் மோடையும் போட்டோம். ஆனால் வெட்டுப்பட்டதை எந்தக் கோடாலும் மீட்க முடியாது. 255 இடமும் நிரம்பியிருந்த வரிகளையெல்லாம் தேடி எடுத்து, தம்பியும் நானும் ஆளுக்குப் பாதியாக கோல் எடுத்தோம். வெள்ளவத்தை அம்மா முகவரியைத் திருப்பிச் சொன்னார். ‘ஒழுங்கை’க்குப் பிறகும் இருந்தது: “பச்சை கேட், மாடியில பெல் அடியுங்கோ.” அதையும் சேர்த்து டைப் செய்தேன்.